லாரி வீட்டுக்கு வெச்ச வாசக்கால்

வாசக்காலை மண்ணுல வெச்சுட்டு வீட்டை மட்டும் தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு எங்க ஊர்ல இப்ப பால் குடிக்கற புள்ளைக்கும் தெரியும், ஆனா அன்னிக்கு, வரிசையா லாரி நிறுத்திப் பாடி கட்டிக்கிட்டிருந்த எங்க பட்டறையில, ஆசாரிக்கும் தெரியலை, வெல்டருக்கும் தெரியலை, என் வீட்டுக்காரரு நல்லசிவத்துக்கும் தெரியலை, எல்லாம் தெரிஞ்சவளாட்டம் இடுப்புல கை வெச்சு நின்ன இந்தச் சம்பூரணத்துக்கும் தெரியலை. நாமக்கல்லுக்காரங்களை லாரியைப் பத்திக் கேளுங்க, சொல்லுவோம். சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கணும், பூசணிக்காய் உடைக்கணும், கன்னி ஓட்டம் போன வண்டியைப் பாதியில திருப்பக் கூடாது. வீட்டைப் பத்திக் கேட்டா, கொத்தனாரைப் போய்க் கேளுன்னுதான் சொல்லுவோம். அங்கமுத்தண்ணன் வந்து கேட்டது ரெண்டையும் சேர்த்து.

அங்கமுத்தண்ணன் முப்பத்தோரு வருசம் வடக்க லாரி ஓட்டினவரு, மாசத்துல நாலு நாள் வீட்டுல தங்கினா அதிகம். அவரு சம்சாரம் பாவாயி அக்கா புள்ளைகுட்டி இல்லாம, அந்த முப்பத்தோரு வருசமும் தெருமுனையில எந்த ஹாரன் கேட்டாலும் அடுப்பைத் தணிச்சுட்டு வாசலுக்கு வந்து வந்து பார்த்தே காலத்தை ஓட்டினவங்க. கூடப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. அக்காவுக்கு டீசல் வாடை ஆகாது. பஸ்ஸுல ஏறினா பரமத்தி தாண்டறதுக்குள்ள குடலே வெளிய வந்துரும், அதனால கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவங்க நடந்து போற தூரத்துக்கு மேல எந்த ஊரையும் பார்த்ததில்லை. அண்ணன் வேலையை விட்ட மறுமாசம் ஒரு பழைய ஆறு சக்கர லாரியை வாங்கி எங்க பட்டறையில கொண்டாந்து நிறுத்தி, "நல்லசிவம், இது மேல ஒரு வீடு கட்டிக் குடு. அவ படுத்துக்கிட்டே வரணும், டீசல் வாடை ஒரு பொட்டு உள்ள வரக்கூடாது. அவளைத் தனியா விட்டது போதும்"னாரு. அதைக் கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, எங்கூட்டுக்காரரு என்னடான்னா நீளம் அகலம் கேட்டுக்கிட்டிருந்தாரு.

கட்டினோம். வேங்கைச் சட்டம் போட்டு, வெளிய தகரம், உள்ள பலகை, நடுவுல பஞ்சு அடைச்சு, டீசல் வாடை வராம இருக்க கேபினுக்கும் வீட்டுக்கும் நடுவுல கால் அங்குல இரும்புத் தகடு நிறுத்தி, அதுல அண்ணனும் அக்காவும் மூஞ்சி பார்த்துப் பேசிக்கக் கம்பி போட்ட ஒரு சாண் ஜன்னல் வெச்சு, ரெண்டு பக்கமும் கம்பி போட்ட ஜன்னல் வெச்சு, சமையல் மேடை, கட்டில், தண்ணித் தொட்டி, கூரைக்குத் தார் பூச்சு, எல்லாம் ஆச்சு. "அம்மி இல்லாம எப்படிங்க வீடு?"ன்னு அக்கா கேட்டாங்க, அதையும் ஏத்தினோம். அப்புறம் வந்துச்சு வில்லங்கம். "வாசக்கால் வெக்காத வீட்டுல பால் காய்ச்ச மாட்டேன், பால் காய்ச்சாத வீட்டுல படுக்க மாட்டேன்"னு அக்கா ஒரே பிடியா நின்னாங்க. நல்ல நாளும் குறிச்சாச்சு, ஆனா அந்த நாள்ல லாரியோட ஸ்பிரிங் பட்டையெல்லாம் கழட்டி உலைக்குப் போயிருச்சு, சேசிஸ் தரையில படுத்துக் கெடக்குது, வீடு பட்டறைத் தரையில கட்டை மேல நிக்குது. வையாபுரி ஆசாரி மோவாயைச் சொறிஞ்சுட்டு, "நாளைத் தவற விடக்கூடாதுங்க, இங்கயே வெச்சுப்போம், அப்புறம் தூக்கி ஏத்திக்கலாம்"னாரு. சரின்னு, பட்டறை மண்ணைக் கீறி, நவதானியம் போட்டு, ஒரு முத்து, ஒரு குண்டுமணித் தங்கம் போட்டு, அது மேல வாசக்காலை நிறுத்தி, மஞ்சத் துணி முடிஞ்சு, மாவிலை கட்டி, கிழக்கு பார்த்துப் பால் பொங்கி, பொங்கின பாலை லாரிக்காரங்க எல்லாரும் குடிச்சோம். பத்தாம் நாள் செயின் பிளாக்கைப் போட்டு வீட்டைத் தூக்கும்போது பல்லைப் பிடுங்கற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. வெல்டர் ஜாபர், "எங்கியாச்சும் வெல்டிங் விட்டிருக்கும் அக்கா, அப்புறம் பார்த்துக்கலாம்"னான். நாங்களும் அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்.

கன்னி ஓட்டம் தனுஷ்கோடி, அப்படியே கரையோரமா வடக்க ஏறி, காசிக்குப் போய்த் திரும்பறதுன்னு குலசாமிகிட்டச் சொல்லிக் கிளம்பினாங்க. மறுநாள் வெள்ளென தனுஷ்கோடியில அண்ணன் வண்டியை நிறுத்தி, ஜன்னலைத் தட்டி, "பாவாயி, எந்திரிச்சு வா, கடல் வந்துருச்சு"ன்னு கூப்பிட, அக்கா தலையை அள்ளி முடிஞ்சு, கரண்டியும் கையுமா பின்கதவைத் திறந்து காலைக் கீழ வெச்சாங்க. வெச்ச கால் எங்க பட்டறை மண்ணுல இருந்துச்சு. நான் அப்பத்தான் பட்டறை கூட்டிக்கிட்டிருந்தேன். லாரி போன பின்னாடியும் அந்த வாசக்கால் அங்கயே, மாவிலையும் மஞ்சத் துணியுமா, வெறும் இடத்துல நின்னுக்கிட்டிருந்திருக்குது, ஆயிரம் சட்டம் நிக்கற பட்டறையில யாரு கவனிச்சா? "என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டேன். அக்கா சுத்தும் முத்தும் பார்த்தாங்க. "இல்ல சம்பூரணம், கடலைப் பார்க்கலாம்னு இறங்கினேன்"னாங்க. "வந்ததே வந்துட்டேன், ஒரு கை உப்புக் குடு"ன்னு வாங்கிக்கிட்டு மறுபடி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

அங்க, வெளியில இருந்து அண்ணன் இழுத்தா கதவு வரலை. கதவு இருக்குது, கைப்பிடி இருக்குது, ஆனா சுவத்துல வரைஞ்சு வெச்ச கதவாட்டம் அசைய மாட்டேங்குது. உள்ள இருந்து திறந்தா பட்டறை. ஜன்னல் கம்பியைக் கழட்டிப் பார்த்தாங்க, அக்கா தலையை வெளிய நீட்டினா எங்க டூல்ஸ் பெட்டிக்கு மேல வந்து எட்டிப் பார்த்தாங்க. கம்பியைத் திரும்ப வெச்சு முடுக்கினதும் கடல் வந்துருச்சு. ஆக, தலை நுழையற வழியெல்லாம் பட்டறைக்குப் போகும், தலை நுழையாத சந்துல மட்டும் ஊர் உலகம் தெரியும். ஆசாரி கையைப் பிசைஞ்சாரு. "வாசக்கால் எங்க மண்ணைக் குடிச்சுதோ அங்கதான் வாசல். வீட்டைத்தான் நாம தூக்கினோம், வாசலைத் தூக்கலை"னாரு. வண்டியைத் திருப்புங்கன்னு எங்கூட்டுக்காரரு போன்ல கத்தினாரு. அண்ணன் மாட்டேன்னுட்டாரு. கன்னி ஓட்டத்தைப் பாதியில திருப்பினா வண்டி ஆகாதாம். "போகப் போக அது அறுந்துரும் நல்லசிவம். எந்தக் கயிறும் இழுத்தா அறுந்துதான ஆகணும்?"னாரு. ஆம்பளைங்க இழுத்தே எதையும் சரி பண்ணிரலாம்னு நினைக்கறது எந்தச் சாமி குடுத்த வரமோ தெரியலை.

போனாரு. பதினோரு மாசம் போனாரு. அது அறுகலை. பாண்டிச்சேரியில அறுகலை, நெல்லூர்ல அறுகலை, பூரியில அறுகலை, காசிப் படித்துறையில வண்டியை நிறுத்தியும் அறுகலை, எந்த ஊர்ல அக்கா கதவைத் திறந்தாலும் நாமக்கல் வெயில்தான் மூஞ்சியில அடிச்சுது. அண்ணன் வெளிய, அக்கா உள்ள. அவரு கேபின்ல தூங்குவாரு, இவங்க கட்டில்ல தூங்குவாங்க, நடுவுல கால் அங்குலத் தகடு. சமைச்சதை ஜன்னல் வழியாக் குடுக்கணும், டம்ளர் நுழையும், தட்டு நுழையாது, அதனால அந்த மனுசன் பதினோரு மாசமும் சுருட்டின தோசை, சுருட்டின சப்பாத்தி, உருட்டின சோறுன்னே தின்னாரு. ஆத்துத் தண்ணியைக் கையில அள்ளிக் கம்பிக்குள்ள நீட்டுவாரு, அக்கா கண்ணுல ஒத்திக்குவாங்க. முப்பத்தோரு வருசம் ஆயிரம் மைல் பிரிச்சு வெச்சுது, இப்ப ஒரு சாண் பிரிச்சு வெச்சுது. ஆயிரம் மைலே தேவலைன்னு அக்கா ஒருநாள் எங்கிட்டச் சொல்லி அழுதாங்க.

நாங்க என்ன பண்ணினோம்னு கேக்கறீங்களா? சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, ஆனா சொல்லித்தான் ஆகணும். நாங்க வேடிக்கை பார்க்கப் போனோம். முதல்ல பட்டறை ஆளுங்க, அப்புறம் தெருக்காரங்க, அப்புறம் ஒரம்பரை சொந்தபந்தம், ஒரு வாரத்துக்குள்ள ஊரே அந்த வாசக்கால் வழியா ஏறி ஜன்னல்ல மூஞ்சியை வெச்சுக் கடலைப் பார்த்துச்சு, கோயில் கோபுரம் பார்த்துச்சு, காசி வந்ததும் கங்கையைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிச்சு, இறங்கி வந்து வீட்டுல கொழம்பைத் தாளிச்சுது. எங்கூட்டுக்காரரு அந்த இடத்துல லாரி நிறுத்த முடியலையேன்னு முணுமுணுத்துட்டே வரிசைக்குக் கயிறு கட்டி விட்டாரு. டிரைவருங்க சம்சாரமெல்லாம் வந்து, "அண்ணா, எங்கூட்டுக்காரரு விஜயவாடாவுல லோடு கிடைக்காம நிக்கறேங்கறாரு, அந்தப் பக்கமா ஒரு நடை ஓட்டுங்கண்ணா"ன்னு முன் ஜன்னல்ல கெஞ்ச, அண்ணனும் ஓட்ட, ரெண்டு பேரு கையும் களவுமா மாட்டி, அந்த ரெண்டு குடும்பத்துலயும் நடந்த அக்கப்போர் தனிக்கதை. இத்தனைக்கும் அது ஒருத்தியோட வீடு. அவ கட்டில் மேல நாங்க உக்காந்தோம். அவ தண்ணியை மொண்டு குடிச்சோம். அவ புருசன் கையைப் பிடிக்க ஜன்னல்கிட்ட வந்தா, "சித்த நகருங்கக்கா, மறைக்குது"ன்னோம்.

ஏழாம் மாசம் அக்கா ஆசாரி கையைப் பிடிச்சுக்கிட்டு, "அந்த வாசக்காலைப் பிடுங்கிருங்க"ன்னு கேட்டாங்க. ஊரு கூடிப் பேசுச்சு. குடும்பம் நடக்கற வீட்டுல வெச்ச வாசக்காலைப் பிடுங்கினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஆசாரி சொன்னாரு, அவரு நெசமாத்தான் பயந்தாரு. மத்தவங்க எல்லாம் ஆமா ஆமான்னோம். அதுல பாதிப் பேருக்குப் பயமில்லை, அடுத்த மாசம் வண்டி டெல்லி போகுதாமே, அதைப் பார்த்துட்டுப் பிடுங்கலாம்ங்கற ஆசை. நானும் ஆமான்னேன். எனக்கும் டெல்லி பார்க்கணும்னு இருந்துச்சு. அக்கா முந்தானையை உதறிச் சொருகிக்கிட்டு, புருசனுக்குச் சோறு உருட்ட உள்ள போயிட்டாங்க.

வண்டி ரிப்பேரானா எங்க பட்டறைதான் பார்த்துச்சு. போல்ட்டு ஜன்னல்ல நுழைஞ்சுது, ஸ்பிரிங் பட்டையைச் சாச்சுப் பிடிச்சா நுழைஞ்சுது, அம்மி பாரத்துல பின்பட்டை மூணு தடவை உடைஞ்சும் மூணு தடவையும் இங்க இருந்து கம்பி வழியா நீட்டி, அண்ணன் அங்க ஒத்தையாளா மாட்டிக்கிட்டாரு. பிரேக் டிரம் மட்டும் நுழையலை. தேஞ்சு போச்சு, மாத்தணும், ஆனா கம்பிச் சந்துல நுழையற சாமானா அது? அந்த ஊருக் கடையில வாங்கிப் போட்டுக்குங்கன்னா, "நம்ம பட்டறைச் சாமான்தான் என் வண்டிக்கு ஒத்துக்கும். காசி முடிஞ்சுது, டெல்லி முடிஞ்சுது, திரும்பிட்டுத்தான் இருக்கறேன், மைசூர் தாண்டினா வீடு"ன்னாரு. மைசூருக்கும் வீட்டுக்கும் நடுவுல திம்பம் மலை இருக்குது, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இருக்குதுன்னு முப்பத்தோரு வருசம் ஓட்டினவருக்கு நானா சொல்லணும்?

ஐப்பசி மாசம், பகல் பதினொரு மணி இருக்கும். நாமக்கல்லுல சுள்ளுனு வெயில். வாசக்கால் கதவு படார்னு திறந்துச்சு, அக்கா நெத்தியில ரத்தத்தோட மண்ணுல வந்து விழுந்தாங்க. "சம்பூரணம், வண்டி தொங்குது, அவரு கேபின்ல இருக்கறாரு"ன்னாங்க. விழுந்த வேகத்துலயே எந்திரிச்சு மறுபடி உள்ள ஓடினாங்க. நான் பின்னாலயே ஏறினேன்.

உள்ள சட்டி பானையெல்லாம் முன்பக்கமா உருண்டு கெடக்குது, தரை சரிஞ்சு நிக்குது, ஜன்னல்ல ஒரே மழையும் மஞ்சும். வளைவுல பிரேக் பிடிக்காம, ஓரத்துக் கட்டைச் சுவரை உடைச்சுக்கிட்டு மூக்கு அந்தப்பக்கம் போயிருச்சு, சேசிஸ் வயிறு சுவத்துல குந்தி நிக்குது, கேபின் பள்ளத்துக்கு மேல. முன் ஜன்னல்ல எட்டிப் பார்க்கலாம்னு நான் நாலடி வெச்சேன், வீடே முன்னால குனிஞ்சுது. பின்னால வந்தேன், நிமிந்துச்சு. அந்தச் சாண் ஜன்னல் வழியா அண்ணன் குரல் வந்துச்சு. "யாரது, சம்பூரணமா? கால் ஸ்டியரிங்குக்கு அடியில சிக்கிருச்சும்மா. அவளைக் கூட்டிக்கிட்டுப் போ. போய்க் கதவைச் சாத்திக்கோ"ன்னாரு, என்னமோ மழைச்சாரல் அடிக்குதுங்கற மாதிரி. மேல மரம் விழுந்து, கீழயும் மண் சரிஞ்சு, மலையில ஒரு வண்டி வாசி இல்லையாம்.

"ஆளைக் கூப்பிடுங்க, பாரம் வேணும்"னு நான் கத்தின கத்துல பட்டறை மொத்தமும் வந்துச்சு. முப்பது பேருக்குப் பக்கமா ஏறினாங்க, எல்லாரும் பின்பக்கமா நெருக்கி நின்னோம், வீடு மெதுவா நிமிந்து, ஏத்தமாட்டம் ஆடி, நின்னுச்சு. ஜாபர் கேஸ் கட்டரைத் தூக்கிட்டு வந்தவன் அந்த இரும்புத் தகடு முன்னால போய் நின்னுட்டான். "அறுக்கறதுக்கு அஞ்சு நிமிசம் போதும். ஆனா ஆள் நுழையற ஓட்டை போட்டா அந்தப் பக்கம் கேபின் வராதே, பட்டறைதான வரும்?"னான். எல்லாரும் ஆசாரியைப் பார்த்தாங்க. வையாபுரி ஆசாரி வாசக்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, அவரு முதுகுப்பக்கம் பட்டறை வெயில், மூஞ்சிப் பக்கம் மழைக்குளிர். "இதைப் பிடுங்கினா அந்த ஓட்டை கேபினுக்கே போகும். ஆனா வாசலும் போயிரும். அப்புறம் உள்ள இருக்கறவங்க அத்தனை பேரும் நெசமாவே அந்த மலையில இருப்பாங்க. வண்டி போச்சுன்னா..."ன்னு நிறுத்தினாரு.

அதுவரைக்கும் நாங்க நின்னது பட்டறை வாசல்ல. ஒரு அடி பின்னால வெச்சா நாமக்கல். தைரியமா நிக்கறதுக்கு என்ன வந்துச்சு? இப்ப அந்த ஒரு அடியும் இல்லாமப் போகப் போகுது. ரெண்டு பேரு சத்தமில்லாம இறங்கினாங்க, அப்புறம் மூணு பேரு. வீடு ஒரு சாண் முன்னால இறங்குச்சு, கல்லு பெயர்ந்து கீழ உருளற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. அப்ப பாவாயி அக்கா சொன்னாங்க, ஏழாம் மாசம் இதைப் பிடுங்கச் சொல்லிக் கெஞ்சின பொம்பளை சொன்னாங்க: "எல்லாரும் இறங்கிக்குங்க சாமி. புள்ளைகுட்டிக்காரங்க. நான் இருந்துக்கறேன்."

ஒரு திட்டு திட்டியிருந்தாக்கூட நான் இறங்கியிருப்பேனோ என்னமோ. வெளிய இருந்து எங்கூட்டுக்காரரு, "சம்பூரணம், வெளிய வா, வாடிங்கறேன்"னு அலறினாரு. கல்யாணம் பண்ணின நாள்ல இருந்து என் உடம்பைப் பத்தி இந்த மனுசன் பண்ணாத கேலி இல்லை, வண்டியில என்னை ஏத்தினா பின்பட்டை உடையும்னு பட்டறைக்கே சொல்லிச் சிரிச்சவரு. "எனக்குப் பதிலா மூணு பேரை அனுப்புங்க, வர்றேன்"னேன். அவரு மண்ணுல நின்னு என்னையே பார்த்தாரு. "அட கெரகமே"ன்னாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறி வந்து, எம் பக்கத்துல வந்து நின்னு, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு கை சில்லுனு இருந்துச்சு. இறங்கிப் போனவங்கள்ல ரெண்டு பேரு திரும்பி ஏறினாங்க. எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு பேரு நின்னோம்.

சிலிண்டர் ரெண்டையும் உள்ள ஏத்தியாச்சு. ஆசாரி குனிஞ்சு வாசப்படியைத் தொட்டுக் கும்பிட்டாரு. "நான் பண்ணின தப்பு, அவங்க மேல போட்ராதே"ன்னாரு. உளியை வெச்சு அடிச்சாரு, ஒரு பக்கம் விட்டுச்சு, இன்னொரு பக்கம் அடிச்சாரு, விட்டுச்சு. பட்டறை ரேடியோவுல பாடிக்கிட்டிருந்த பொம்பளை குரல் ஒரு வார்த்தையில பாதியோட நின்னுச்சு. முதுகுல அடிச்ச வெயில் போச்சு. குளிரும், ஈர மண்ணு வாசமும், மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசற சத்தமும் எங்களைச் சுத்திக்கிச்சு. கதவுக்கு வெளிய தார் ரோடு மழையில மினுங்குச்சு. யாரோ அம்மான்னாங்க.

ஜாபர் தகட்டை அறுத்தான். பொறி டீசல்ல விழாம இருக்க அக்கா பானைத் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தாங்க. தகடு விழுந்துச்சு, ஓட்டைக்கு அந்தப் பக்கம் அண்ணனோட நரைச்ச பின்மண்டை தெரிஞ்சுது. டீசல் வாடை குப்புனு உள்ள ஏறுச்சு. கால் சிக்கின இடத்துக்குக் கை போகணும், ஆம்பளை எவன் அந்த ஓட்டையில இறங்கினாலும் பாரம் முன்னால போகும். அக்கா யாரையும் கேக்கலை. ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கிட்டுத் தலைகீழா ஓட்டைக்குள்ள இறங்கினாங்க, நானும் எங்கூட்டுக்காரரும் பின்னால இருந்தே ஒரு கயித்துல அவங்க இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். வீடு குனிஞ்சுது. நாங்க இன்னும் பின்னால ஒட்டினோம். அக்கா அங்க ஓங்கரிச்சு வாந்தி எடுக்கறது கேட்டுச்சு.

"ஏன்டி வந்தே?"ன்னு அண்ணன் அழுதாரு.

"பதினோரு மாசமா வழியில்லை, இப்ப வந்துருச்சு, வந்துட்டேன். பேசாம காலை இழுங்க"ன்னாங்க அக்கா. மறுபடி வாந்தி எடுத்தாங்க. கம்பியை நெம்பினாங்க. அண்ணன் போட்ட சத்தத்துல எலும்பு உடைஞ்சுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. "இழுங்க"ன்னாங்க, இழுத்தோம், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டு ஓட்டை வழியா எங்க கால்கிட்ட வந்து விழுந்தாங்க.

இப்ப இறங்கணும். இறங்க இறங்கப் பின்பாரம் குறையும், வண்டி போயிரும், கடைசியா இறங்கறவங்க அதோட போவாங்க. முதல்ல இறங்கின பட்டறைப் பெயிண்டர் ரோட்டுல ஓடியிருக்கலாம், ஓடலை. திரும்பிப் பின்பம்பரைப் பிடிச்சுத் தொங்கினான். அடுத்து இறங்கினவங்க அவன் பக்கத்துல பிடிச்சாங்க, பிடிக்க இடமில்லாதவங்க பிடிச்சவங்க இடுப்பைப் பிடிச்சாங்க, காசியில ஜன்னலுக்கு முண்டியடிச்ச அதே சனம் மழையில கால் வழுக்க வழுக்க ஒரு பம்பருக்கு முண்டியடிச்சுது. அண்ணனைத் தூக்கி இறக்கினோம். அக்கா இறங்கினாங்க. நான் இறங்கினேன், இறங்கி நானும் தொங்கினேன். ஆசாரி கடைசியாக் குதிச்சாரு. "விடுங்கடா"ன்னாரு எங்கூட்டுக்காரரு.

விட்டோம். வீடு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி முன்னால குனிஞ்சு, அம்மியோட, கட்டிலோட, சாஞ்ச கதவோட, போயிருச்சு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கீழ சத்தம் கேட்டுச்சு. இருபத்தெட்டு பேரும் ரோட்டுல உக்காந்துட்டோம். ஒருத்தர் கால்லயும் செருப்பில்லை, பாதிப் பேரு போன் பட்டறையிலயே கெடக்குது. எங்கூட்டுக்காரரு வெக்கமில்லாம என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு, அழட்டும்னு விட்டுட்டேன்.

மதியத்துக்கு மேல மரத்தை அறுத்து வழி பண்ணி, மேல இருந்து ஒரு பஸ் வந்து எங்ககிட்ட நின்னுச்சு, பின்னாலயே ஆம்புலன்ஸும் வந்துச்சு. மழை விட்டு, மஞ்சு விலகி, கீழ சத்தியமங்கலம் காடும், அதுக்கு அப்பால சமவெளியும் பச்சைப் பச்சையா விரிஞ்சு கெடந்துச்சு. அக்கா ரோட்டோரத்துல கட்டைச் சுவரைப் பிடிச்சு நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க, குனிஞ்சு ஈரமண்ணைத் தொட்டாங்க, கால் விரலை அதுல அழுத்தி அழுத்திப் பார்த்தாங்க. அண்ணன் அவங்க காலடியில உடைஞ்ச காலுக்கு மூங்கில் வெச்சுக் கட்டிப் படுத்திருந்தவரு, முழங்கையை ஊனித் தலையைத் தூக்கி, "பாவாயி, ஆம்புலன்ஸ் வந்துருச்சு. வீட்டுக்குப் போலாமா?"ன்னு கேட்டாரு.

"சித்த இருங்க"ன்னாங்க அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காம. "நான் இப்பத்தான் வெளிய வந்திருக்கறேன்."

அண்ணன் தலையைச் சாச்சுப் படுத்துக்கிட்டாரு. ஆம்புலன்ஸ்காரன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், எங்கூட்டுக்காரரு அவன் தோள்ல கையைப் போட்டு அந்தப் பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.